நாமே வகுத்த விதிகள்

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ள செமினி, ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. ரிஞ்சிங், டொமினியன் போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்றும் அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. காஜாங், பாங்கி, கோலாலம்பூர் என்று நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் இங்கே குடியேறியுள்ளன. பழைய தோட்டத்துப் பிள்ளைகளும் புதிய தாமான்களின் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பறையில் சந்திக்கிறார்கள்.

இத்தகைய ஊரில் முதலாம் படிவத் தமிழ்மொழி வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். அந்த வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர். தமிழ்ப் பாடவேளைக்காக மட்டும் பல வகுப்புகளிலிருந்து வந்து கூடுபவர்கள். சிலர் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்றவர்கள். ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்துவிடுவார்கள். வேறு சிலர் தேசியப்பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுள் ஒருவர் எழுந்து வாசிக்கும்போது 'மழை' என்பது 'மலை' ஆகிவிடுகிறது. பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. மறுநாள் ஆசிரியர் யாரை வாசிக்கச் சொல்லலாம் என்று பார்க்கும்போது அந்த மாணவர் தலையைக் குனிந்துகொள்கிறார். அடுத்த வாரம் அவர் புத்தகத்தைக் கொண்டுவருவதையே மறந்துவிடுகிறார். ஒரு நொடிச் சிரிப்பு ஒருவரைத் தமிழ் வாசிப்பிலிருந்தே விலக்கிவிடக்கூடும்.

இதைத் தடுக்க ஆசிரியர் என்ன செய்யலாம்? "சிரிக்கக் கூடாது" என்று வெண்பலகையில் எழுதலாம். "பேசக் கூடாது", "தாமதமாக வரக் கூடாது", "கைப்பேசி கொண்டுவரக் கூடாது" என்று பட்டியலை நீட்டலாம். ஆண்டின் முதல் நாளில் இத்தகைய பட்டியலைக் காணாத மாணவர் அரிது. ஆசிரியர் வகுப்பில் இருக்கும்வரை அது மதிக்கப்படும். அவர் அலுவலகத்திற்குச் சென்றவுடன் பட்டியலும் அவருடனேயே சென்றுவிடும். விதி ஆசிரியருடையது என்று மாணவர்கள் கருதுவதே இதற்குக் காரணம். அந்த விதியை மாணவர்கள் தங்களுடையதாகக் கருதச் செய்யும் வழியே வகுப்பறை உடன்பாடு.

விதியும் உடன்பாடும்

பள்ளியில் மூவகை ஒழுங்குகள் செயல்படுகின்றன. முதலாவது, சட்டமும் பள்ளி நிர்வாகமும் வகுத்தவை. 1959ஆம் ஆண்டின் கல்வி (பள்ளிக் கட்டொழுங்கு) விதிமுறைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வருகை, சீருடை, பாதுகாப்பு ஆகியவை பற்றிய பள்ளி விதிகளும் இவற்றுள் அடங்கும். இவற்றை ஒரு வகுப்பு கூடிப் பேசி மாற்றிக்கொள்ள இயலாது. இரண்டாவது, ஆசிரியர் தம் பொறுப்பில் இடும் கட்டளைகள். தீப்பயிற்சியின்போது "வரிசையில் செல்லுங்கள்" என்று ஆசிரியர் கூறினால் அங்கே கலந்துரையாடலுக்கு இடமில்லை. மூன்றாவது, ஒரே அறையில் ஓராண்டு சேர்ந்து கற்கவிருப்போர், தம்முள் எப்படி நடந்துகொள்வது என்று பேசி ஏற்றுக்கொள்பவை. இதுவே உடன்பாடு.

முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் பெரிய தவறுகளைத் தடுக்கும். ஆனால், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எப்படிக் கேட்பது, குழு வேலையில் பேசாமலிருப்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது, விளையாட்டுக்கு வைத்த பட்டப்பெயர் எப்போது வேதனையாகிறது என்பவற்றைப் பள்ளி விதிப்புத்தகம் விளக்குவதில்லை. வகுப்பறையின் அன்றாட வாழ்வோ பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களால் ஆனது. உடன்பாட்டுக்குரிய களமும் அதுவே.

தோட்டம் கற்பித்த வேறுபாடு

கட்டளைக்கும் உடன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்நாட்டுத் தமிழர்கள் பள்ளியில் அறிவதற்கு முன்பே தோட்டத்தில் அறிந்திருந்தார்கள். அக்காலத்தில் தொழிலாளர்கள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். பெயர்கள் கூப்பிடப்பட்டன. எந்த நிரையில் வேலை, என்ன வேலை என்பதைக் கங்காணி அறிவித்தார். அந்த முறையில் ஒழுங்கு இருந்தது. ஆனால், வரிசையில் நின்றவரின் கருத்துக்கு இடமில்லை.

1954ஆம் ஆண்டு பல தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தன. பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். அச்சங்கம் தோட்ட முதலாளிகளின் அமைப்புடன் பேச்சுவார்த்தை நடத்திக் கூட்டு ஒப்பந்தங்களைச் செய்தது. சம்பளமும் வேலை நிபந்தனைகளும் தாளில் எழுதப்பட்டு, இரு தரப்பினரும் கையொப்பமிட்டனர். அந்த ஒப்பந்தங்கள் தொழிலாளர் வேண்டியது அனைத்தையும் பெற்றுத் தந்துவிடவில்லை. எனினும், ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. தாளில் எழுதியது தொழிலாளியை மட்டுமன்றி நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தியது. நிர்வாகம் மீறினால், "இப்படித்தானே ஒப்புக்கொண்டோம்?" என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது.

வகுப்பறை உடன்பாட்டின் அடிப்படையும் இதுவே. ஒரு தரப்பை மட்டும் கட்டுப்படுத்துவது கட்டளை. அதற்கு உடன்பாடு என்று பெயரிட்டாலும் அது கட்டளைதான்.

பிள்ளைகளின் குரலுக்கு இடம்

பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்பதா என்று சிலர் ஐயுறலாம். ஐக்கிய நாட்டுச் சபை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சிறார் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. மலேசியா 1995ஆம் ஆண்டு அதில் இணைந்தது. தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துரைக்கச் சிறாருக்கு உரிமை உண்டு என்றும், அக்கருத்துக்கு அவர்தம் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்றும் அவ்வுடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளைகள் சொல்வதெல்லாம் நடக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. முடிவெடுக்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றே கூறுகிறது.

இதற்கு உரிமை சாராத, நடைமுறைக் காரணமும் ஒன்றுண்டு. வகுப்பில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியரைவிட மாணவர்களுக்கே நன்கு தெரியும். யார் யாரைக் கேலி செய்கிறார், எந்த இருக்கையில் அமர யாரும் விரும்புவதில்லை, குழு வேலையில் யார் கடைசிவரை தனித்து நிற்கிறார் என்பவை ஆசிரியரின் மேசையிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. நோயாளியிடம் கேட்காமல் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. வகுப்புக்கு வேண்டிய விதியையும் வகுப்பிடம் கேட்டே எழுத வேண்டியிருக்கிறது.

உடன்பாடு உருவாகும் முறை

உடன்பாட்டை ஒரே பாடவேளையில் முடிக்க முயல்வது தவறு. இரண்டு அல்லது மூன்று பாடவேளைகள் தேவைப்படலாம். அதைச் சில படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் படி, சரியான கேள்வியைக் கேட்பது. "என்ன விதிகள் வேண்டும்?" என்று கேட்டால், மாணவர்கள் தொடக்கப்பள்ளியில் மனனம் செய்த பட்டியலையே திருப்பிச் சொல்வார்கள். "இந்த வகுப்பில் நீங்கள் அச்சமின்றித் தமிழ் வாசிக்க என்ன தேவை? எது நடந்தால் வாய் திறக்கத் தோன்றாது?" என்று கேட்டால் விடைகள் வேறுபடும்.

இரண்டாம் படி, பேசுமுன் எழுதுவது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு தாள் கொடுக்கப்படும். பெயர் எழுத வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் வகுப்பு அமைதியாக இருக்கும். எடுத்தவுடன் வாய்மொழியாகக் கேட்டால் உரத்துப் பேசும் நால்வரின் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடும். தாளில் எழுதும்போதுதான் பின்வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருப்பவரின் குரலும் மேசைக்கு வந்துசேரும். தமிழில் எழுதத் தடுமாறுபவர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம். அதைத் தமிழாக்குவதே பிறகு ஒரு நல்ல மொழிப்பயிற்சியாகும்.

மூன்றாம் படி, வகைப்படுத்துவது. தாள்களைக் கலந்து குழுக்களுக்குக் கொடுத்தால், ஒத்த கருத்துகளை அவர்களே ஒன்றுசேர்ப்பார்கள். முப்பது தாள்கள் ஐந்தாறு கருத்துகளாகச் சுருங்கும். பிறர் சிரிப்பார்கள் என்ற அச்சம், தாமதம், குழு வேலை, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவது ஆகியவை பெரும்பாலான வகுப்புகளில் தலைகாட்டும்.

நான்காம் படி, பெரிய சொற்களைச் செயல்களாக மாற்றுவது. இதுவே கடினமான படி. "ஒருவரையொருவர் மதிப்போம்" என்று எழுதினால் எவரும் மறுக்கமாட்டார். ஆனால், நாளை காலை அது நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு மதிப்பாகத் தோன்றுவது மற்றவருக்கு வேறாகத் தோன்றலாம். எனவே, "மதிப்பு என்றால் கண்ணால் எதைப் பார்ப்போம்? காதால் எதைக் கேட்போம்?" என்று மேலும் கேட்க வேண்டும். அப்போது, "ஒருவர் வாசித்து முடிக்கும்வரை குறுக்கிட்டுத் திருத்தமாட்டோம், சிரிக்கமாட்டோம், அவர் கேட்டால் சொல்லை எடுத்துக்கொடுப்போம்" என்பது போன்ற வாசகம் கிடைக்கும். இதைக் கடைப்பிடித்தோமா என்பதை எவரும் சொல்லிவிடலாம். 'கூடாது' என்னும் சொல்லைக் குறைத்து, செய்ய வேண்டியதைச் சொல்வது நல்லது. செய்யக் கூடாதவற்றை மட்டும் அறிந்தவருக்கு, அவற்றுக்குப் பதிலாக எதைச் செய்வது என்பது தெரியாமல் போகலாம்.

ஐந்தாம் படி, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது. இருபது வாசகங்கள் கொண்ட உடன்பாட்டை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஐந்து அல்லது ஆறு போதும்.

ஆசிரியரின் பங்கு

மாணவர்களின் வாசகங்களுக்குக் கீழே ஆசிரியருடையவையும் இடம்பெற வேண்டும். "ஆசிரியரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும் துணிவு இங்கே தேவைப்படுகிறது. முதலில் மாணவர்கள் தயங்குவார்கள். "வீட்டுப்பாடமே வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு உண்மையான கோரிக்கைகள் வரும். "வாசிக்கத் தயங்குபவரைத் திடீரென்று எழுப்ப வேண்டாம், முந்தைய நாளே பத்தியைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு தாள் கூறலாம். "ஒருவர் செய்த தவற்றுக்கு முழு வகுப்பையும் நிறுத்திவைக்க வேண்டாம்" என்று இன்னொன்று கூறலாம்.

ஆசிரியர் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவர் விட்டுக்கொடுக்க முடியாது. முடியாததை முடியாது என்று காரணத்துடன் சொல்லலாம். ஆனால், ஏற்றுக்கொண்டதை அவர் காப்பாற்ற வேண்டும். கட்டுரைகளை ஒரு வாரத்தில் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்ட ஆசிரியர் மூன்று வாரம் தாமதித்தால், தாமதமாக வரும் மாணவரிடம் உடன்பாட்டைக் காட்டும் தகுதியை இழக்கிறார்.

இம்முறையைக் கெடுப்பவை இரண்டு. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, கலந்துரையாடல் என்ற பெயரில் மாணவர்களை அதை நோக்கி இழுத்துச்செல்வது ஒன்று. மாணவர்கள் இதை விரைவில் கண்டுகொள்வார்கள். அதன்பின் எதைக் கேட்டாலும் ஆசிரியர் விரும்பும் விடையையே சொல்வார்கள். "நீதானே கையொப்பமிட்டாய்?" என்று உடன்பாட்டையே பிரம்பாக ஓங்குவது மற்றொன்று. கையொப்பத்தைக் குற்றச்சாட்டாக மாற்றினால், அடுத்த முறை மனமுவந்து கையொப்பமிட எவரும் முன்வரமாட்டார்.

பெரும்பான்மை மட்டும் போதுமா?

வாசகங்கள் தயாரானதும் கை உயர்த்தச் சொல்லி எண்ணிவிடலாம் என்று தோன்றும். அதில் ஓர் இடர் உண்டு. தமிழ்மொழி வகுப்பு சில பள்ளிகளில் வழக்கமான கால அட்டவணைக்குப் புறம்பான நேரத்திலும் நடைபெறுகிறது. அங்கே தாமதம் ஒரு பெரிய சிக்கலாகிறது. "தாமதமாக வருபவர் பாடம் முடியும்வரை கதவருகே நிற்க வேண்டும்" என்று ஒருவர் முன்மொழிகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரத்திற்கு வரும் இருபத்தைந்து பேர் கை உயர்த்திவிடுவார்கள். பள்ளிப் பேருந்தை நம்பியிருப்பவரும், காஜாங்–செமினி சாலை நெரிசலில் சிக்கிக்கொள்பவரும், தம்பியைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு வருபவரும் கை உயர்த்தாமல் அமைதியாக இருப்பார்கள். வாக்கு முடிந்துவிடும், விதியும் வந்துவிடும். ஆனால், அந்த விதி எவரைப் பாதிக்குமோ அவர் அதற்கு உடன்படவில்லை.

எனவே, எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, "இதை ஏற்க இயலாதவர் யார்? ஏன்?" என்றும் கேட்க வேண்டும். எல்லாரும் கண்களை மூடிக்கொண்டு பெருவிரலைக் காட்டுவது ஓர் எளிய வழி. மேல்நோக்கினால் சம்மதம், பக்கவாட்டில் இருந்தால் தயக்கம், கீழ்நோக்கினால் மறுப்பு. மறுப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வாசகத்தை மீண்டும் பேச வேண்டும். மறுத்தவர் விரும்பினால் காரணத்தை வகுப்பில் சொல்லலாம். இல்லையேல் ஆசிரியரிடம் தனியே சொல்லலாம்.

அப்படிப் பேசியபின் அந்த வாசகம் இவ்வாறு மாறக்கூடும்: "தாமதமாக வருபவர் ஓசையின்றி அமர்வார். அருகில் இருப்பவர் பக்க எண்ணைக் காட்டுவார். பாடம் முடிந்தபின் அவர் ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்வார்." பாடம் தடைபடவில்லை, தாமதமும் கவனிக்கப்படாமல் விடப்படவில்லை, எவரும் அவமானப்படவும் இல்லை. பெரும்பான்மையினர் இழந்தது எதுவுமில்லை. சிறுபான்மையினரோ வகுப்புக்குள் வந்துவிட்டனர்.

சுவரில் எழுதிய விதி

கூடிப் பேசி விதி வகுத்து, அதை எல்லாரும் காணும் இடத்தில் எழுதிவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது என்றும் விதித்தனர்.

வகுப்பறைக்கு இக்கல்வெட்டுகள் தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. சபை முதலில் கி.பி. 919ஆம் ஆண்டில் விதிகளை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921ஆம் ஆண்டில், அவற்றைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டியது. உறுப்பினரின் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்றிருந்தது, 35 முதல் 70 வரை என்று மாறியது. கல்லில் வெட்டிய விதியும் திருத்தத்திற்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படவில்லை. மணிலா அட்டையில் எழுதிய விதியைத் திருத்துவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அதே கல்வெட்டில் ஒரு குறையும் தெரிகிறது. குறிப்பிட்ட அளவு நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே தேர்ந்தெடுக்கப்படலாம். நிலமற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. எத்துணை நுட்பமாக வகுத்த விதியானாலும், அதை வகுக்கும் அவையில் எவர் இடம்பெறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பில் உடன்பாடு எழுதிய நாளில் வராதவர், ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து மாறிவந்தவர், வாசிக்கச் சிரமப்படுபவர் ஆகியோருக்கு அந்தத் தாளில் பங்கு வேண்டும். புதிய மாணவர் வந்தால் உடன்பாட்டை அவருக்கு வாசித்துக்காட்டிக் கருத்துக் கேட்டு, பிறகு கையொப்பம் பெறுவதே முறை.

மீறப்பட்ட நாள்

எவ்வளவு கவனமாக எழுதினாலும் உடன்பாடு ஒருநாள் மீறப்படும். ஐந்தாம் வாரத்தில் ஒருவர் வாசிக்கும்போது மீண்டும் சிரிப்பு எழலாம். உடன்பாடு தோற்றுவிட்டது என்று பலர் கருதும் இந்த நாளில்தான் அதன் உண்மையான பணி தொடங்குகிறது. அந்த நாளில் வகுப்பு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே, சுவரிலுள்ள தாள் உயிருள்ளதா, வெறும் அலங்காரமா என்பது தெரியவரும்.

இதை ஆழமாகச் சிந்தித்தவர் போலந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக். அவர் வார்சா நகரில் 1912ஆம் ஆண்டு முதல் ஓர் அநாதை இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு வழக்குமன்றம் இருந்தது. பிள்ளைகளே சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டு நடுவர்களாக அமர்ந்தார்கள். பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடுக்கலாம், பெரியவர்கள்மீதும் தொடுக்கலாம். கோர்ச்சாக்கும் அந்த மன்றத்தின் முன் நின்றதுண்டு. அம்மன்றத்தின் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் வழக்கைத் தள்ளுவது பற்றியோ மன்னிப்பது பற்றியோ அமைந்தவை. அதன் பிறகே கடுமையான பிரிவுகள் 100, 200 என்று ஏறிச்சென்றன. கடைசிப் பிரிவான 1000 மட்டுமே இல்லத்திலிருந்து வெளியேற்றுவதைப் பற்றியது. தவறு செய்தவர் திருந்துவதற்குக் கதவைத் திறந்துவைத்த பிறகே தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாஜிப் படையினர் அவ்வில்லத்துப் பிள்ளைகளைத் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது, கோர்ச்சாக் அவர்களை விட்டு விலகாமல் உடன்சென்று உயிர்நீத்தார்.

வகுப்பறைக்கு வழக்குமன்றம் தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது? அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? அதை எப்படிச் சரிசெய்யலாம்? இவற்றை முழு வகுப்பின் முன்னிலையில் கேட்காமல், பாடம் முடிந்தபின் தொடர்புடையவர்களிடம் கேட்பது நலம். சிரித்தவர் வேறெதற்கோ சிரித்திருக்கலாம். அப்படியானாலும் வாசித்தவரின் மனம் புண்பட்டது உண்மை. அதை அவர் வாயாலேயே கேட்கும்போது, "ஐந்து மதிப்பெண் குறைப்பேன்" என்ற மிரட்டல் உணர்த்தாததைச் சிரித்தவர் உணர்வார். "மன்னித்துக்கொள்" என்று சொல்லவைப்பதோடு நிறுத்திவிடாமல், அடுத்த வாரம் அவருடன் இணைந்து அப்பத்தியை வாசித்துப் பழகுவதைப் பரிகாரமாக ஏற்கலாம். பாதிக்கப்பட்டவர் அன்றே சமாதானமாக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது.

எல்லாத் தவறுகளுக்கும் இது பொருந்தாது. அடித்தல், மிரட்டிப் பணம் பறித்தல், தொடர்ந்து ஒருவரையே துன்புறுத்துதல், கைப்பேசியில் ஒருவரின் படத்தைப் பரப்புதல் ஆகியவை வகுப்பு கூடிப் பேசித் தீர்க்கும் விவகாரங்கள் அல்ல. அவற்றை உடனே கட்டொழுங்கு ஆசிரியரிடமும் ஆலோசக ஆசிரியரிடமும் கொண்டுசெல்ல வேண்டும். துன்புற்றவரைத் துன்புறுத்தியவருடன் ஒரே மேசையில் உட்காரவைத்து உடன்பாடு காணச் சொல்வது அநீதியாகும். உடன்பாட்டின் எல்லை எது என்பதையும் மாணவர்கள் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி உடன்பாட்டை மீண்டும் படித்துப் பார்ப்பது பயன் தரும். எந்த வாசகம் நடைமுறையில் இருக்கிறது, எது மறக்கப்பட்டது, எதை மாற்ற வேண்டும் என்று பேசலாம். எவரும் கடைப்பிடிக்காத வாசகம் சுவரில் இருப்பது, மற்ற வாசகங்களின் மதிப்பையும் குறைத்துவிடும். ஆசிரியரின் வாசகங்களும் இந்தப் பத்து நிமிடத்தில் சோதனைக்கு உட்பட வேண்டும்.

நாடும் வகுப்பறையும்

பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் எழுந்து நின்று தேசியக் கோட்பாட்டை உறுதிமொழியாகக் கூறுகிறார்கள். அதுவும் ஒரு நெருக்கடிக்குப் பின் பிறந்ததே. 1969ஆம் ஆண்டு மே 13 கலவரம் நாட்டின் ஒற்றுமையை உலுக்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டது. பல தரப்புகளின் பேராளர்கள் அதில் அமர்ந்து பேசினார்கள். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்டது. அதன் ஐந்தாவது நெறி நன்னடத்தையும் ஒழுக்கமும் பற்றியது. பல இனத்தவரும் சமயத்தவரும் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ, அனைவரும் ஏற்கும் நெறிகள் வேண்டும் என்பதை அக்கோட்பாடு உணர்த்துகிறது.

ஆனால், நன்னடத்தை என்பது உறுதிமொழியில் ஒரு சொல்லாக நின்றுவிடக் கூடாது. செமினியில் ஒரு மாணவர் 'மழை' என்ற சொல்லைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் அந்த நொடியில் அவருடைய வகுப்பினர் காத்திருக்கிறார்களா என்பதில் அது வெளிப்படுகிறது. அவர்கள் காத்திருந்தால், ஆண்டு முடிவதற்குள் அவர் முழுப் பத்தியையும் வாசிப்பார். ஆசிரியர் கட்டளையிட்டும் அவர்களைக் காத்திருக்கச் செய்யலாம். ஆனால், ஆசிரியர் அறையில் இல்லாதபோதும் அவர்கள் காத்திருக்க வேண்டுமென்றால் அந்த விதி அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படிவத்திற்குச் செல்லும்போது பழைய அட்டையை அப்படியே எடுத்துச்சென்று ஒட்டிவிட முடியாது. சிலர் பிரிந்திருப்பார்கள், சிலர் புதிதாய்ச் சேர்ந்திருப்பார்கள், ஆசிரியரும் மாறியிருக்கலாம். வெற்றுத்தாளை மீண்டும் மேசையில் வைத்து, முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கடந்த ஆண்டு தயங்கித் தயங்கி எழுதியவர்கள் இந்த ஆண்டு விரைவாக எழுதத் தொடங்குவார்கள்.